பேதை வேடம்

சேலத்திலிருந்து ஈரோடு நோக்கிச் செல்லும் வழியில் சங்ககிரி என்னும் ஊர் அமைந்துள்ளது. ஊரை ஒட்டித் தனியே உயர்ந்து நிற்கும் குன்றின்மீது பழைய கோட்டை ஒன்று உண்டு. சங்கு போன்ற தோற்றமுடைமையால் அக்குன்று சங்ககிரி எனப் பெயர் பெற்றது என்பர். அடிவாரம் தொடங்கி உச்சி வரையில் மதிலுக்குமேல் மதிலும் வாயிலுக்கப்பால் வாயிலுமாக அக்கோட்டை ஏறிச் செல்கின்றது. ஒரு வாயிலைக் கடந்து, மூச்சு வாங்கி நிமிர்ந்தால், மற்றொரு வாயில் எதிரே நிற்கும். படையோடு வரும் பகைவன் அவ்வாயில்களை ஒவ்வொன்றாகத் தகர்த்து மேலேறுதல் எளிய செயல் அன்று.

ஆயினும், எத்துணை வலிய கோட்டையாயினும் அதன் வாயில்கள் சிலருக்குத் தடையாவதில்லை. குதிரைமீது வருவோனை வாயிற்காவலன் உற்று நோக்குவான்; வாள் தாங்கி வருவோனை நிறுத்தி வினவுவான்; ஓலை கொண்டு வருவோனிடம் இலச்சினை கேட்பான். விறகுச் சுமையால் கழுத்து நோவத் தள்ளாடி வரும் கிழவனையோ, மோர்ப்பானையைத் தலையில் ஏந்தி வரும் மூதாட்டியையோ, தன்னொடு தானே பேசிச் சிரித்துக்கொண்டு வரும் பித்தனையோ அவன் இருமுறை நோக்கான். கோட்டைக்குள் பீரங்கிகள் எத்தனை, நெல் எத்தனை நாளுக்குக் காணும், எந்தச் சுனையில் நீர் வற்றியுள்ளது என்பவற்றை எண்ணி அறிந்து திரும்ப வேண்டுமாயின், நூறு வீரரை அனுப்புவதினும் அப்பித்தன் ஒருவனை அனுப்புவதே தக்கது. பித்தன் உண்மையில் பித்தனாக இல்லாதிருக்க வேண்டும், அவ்வளவே.

இக்கோட்டையோடு தொடர்புடைய பெருந்துயர் ஒன்றும் இவ்வுண்மையை நினைவூட்டும். கொங்கு நாட்டு வீரர் தீரன் சின்னமலை 1805-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் இங்கே தூக்கிலிடப்பட்டார். களத்தில் அவரைப் பிடிக்க ஆங்கிலேயரால் இயலவில்லை என்றும், அவருக்குச் சோறு சமைத்தவனைத் தம் வயப்படுத்தியே பிடித்தனர் என்றும் கொங்கு நாட்டார் வழிவழியாகக் கூறி வருகின்றனர். சின்னமலையின் கண் பகைவர் பாசறையை நோக்கியிருந்தது, அடுப்படியை நோக்கவில்லை.

நாம் பொருட்படுத்தாத மனிதர் நம்மை முற்றும் அறிந்துவிடுவர் என்பதைப் பண்டை அரசியல் நூலோர் நன்கு உணர்ந்திருந்தனர். வடமொழியில் கௌடலியர் பெயரால் வழங்கும் அர்த்தசாத்திரம், உயர்ந்த அதிகாரிகளின் வீட்டு நடப்பை அறியும்பொருட்டு நியமிக்கத் தக்கவரைக் கூறும்போது, கூனர், குறளர், ஊமையர், செவிடர், குருடர், அறிவிலிகள் ஆகியோரைப்போல் நடிப்பவரையும் அவருள் சேர்க்கின்றது. ஊமையின்முன் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை. செவிடன் அருகில் இருக்கையில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. திருவள்ளுவரும் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கண்டார் ஐயுறாத உருவமும், துறவியர் கோலமும், எத்துணைத் துன்புறுத்தினும் உள்ளத்தை வெளியிடாத உறுதியும் ஒற்றனுக்கு வேண்டும் என்பது அவர் கருத்து. துறவியரை எல்லாரும் வணங்குவர். ஆனால், உலக நடப்பு அறியாதவர் என்று உள்ளூர எண்ணிக்கொள்வர். ஒற்றனுக்கு வேண்டியது அவ்வெண்ணமே.

அரசருக்கு உழைத்த ஒற்றன் பின்னாளில் கதைகளுக்குள் புகுந்து துப்பறிவோன் ஆனான். ஆங்கிலத்தில் 1841-ஆம் ஆண்டில் எட்கார் ஆலன் போ எழுதிய சிறுகதையே இக்காலத் துப்பறியும் கதைகளுக்கு முதலாவது என்பர். தமிழில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் இவ்வகை நாவல்களை எழுதிக் குவித்தனர். படித்த பெரியோர் சிலர் இவற்றை இகழ்ந்தனர். ஆனால், எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் இரவு முழுதும் விளக்கொளியில் உட்கார வைத்த பெருமை இவற்றுக்கு உண்டு.

துப்பறிவோருள் பெரும்பாலோர் தம் அறிவை உருவிய வாளாக ஏந்தி நிற்பவர். எதிரே வந்து அமர்ந்தவனின் செருப்பில் ஒட்டிய மண்ணைக் கண்டே அவன் எங்கிருந்து வருகின்றான் என்று கூறிவிடுவர். தமிழ்வாணன் படைத்த சங்கர்லாலும் மிடுக்கு மாறாத அவ்வகையினரே. வேறு சிலர் உளர். அவர் வாளை உறையிலிட்டு, அவ்வுறையையும் கந்தையால் சுற்றிப் பரண்மேல் வைத்திருப்பர். காண்போர் கந்தை என்று கடந்து போவர். அவரைப் பற்றியதே இப்பாடம்.

சங்ககிரிக்கு அருகிலுள்ள திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர் டி. ஆர். சுந்தரம். இங்கிலாந்து சென்று நெசவுத் தொழிற்கல்வி பயின்று திரும்பிய அவர், நெசவை விடுத்துத் திரைப்படத் தொழிலில் இறங்கி, 1935-ஆம் ஆண்டில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஏற்காடு செல்லும் சாலையில் அமைந்திருந்த அப்படநிலையத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. நிலையம் இப்போது இல்லை. அதன் முகப்பு வளைவு மட்டும் சாலையோரத்தில் நிற்கின்றது. அங்கு எடுக்கப்பெற்று 1950-ஆம் ஆண்டில் வெளிவந்த படங்களுள் ஒன்று ‘திகம்பர சாமியார்’.

இப்படத்தின் கதை வடுவூர் துரைசாமி ஐயங்கார் எழுதிய நாவல். ‘கும்பகோணம் வக்கீல்’ என்பது அந்நாவலுக்கு வழங்கும் மற்றொரு பெயர். 1880-ஆம் ஆண்டில் பிறந்து 1942-ஆம் ஆண்டில் மறைந்த ஐயங்கார், கதையை நின்று நிதானித்துச் சொல்பவர். அவருடைய வாக்கியங்கள் தேர் வடம் போல் நீளும். இக்காலத்தார் அவற்றைப் படிக்கச் சற்றே பொறுமை வேண்டும். ஆனால், பாத்திரத்தைப் படைப்பதில் அவர் கை தேர்ந்தவர். தீய வழக்கறிஞர் ஒருவரின் குற்றங்களை வெளிப்படுத்த வருபவர் காவல் உடை தரித்த அதிகாரி அல்லர். திகம்பர சாமியார் என்பவர். ‘திக்கு’, ‘அம்பரம்’ என்னும் இரு வடசொற்கள் சேர்ந்தது அப்பெயர். திசைகளையே ஆடையாக உடுத்தவர் என்பது பொருள். வேடத்தின்மேல் வேடமாக மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு ஆடையற்றவர் என்று பெயரிட்ட ஆசிரியரின் குறும்பு நினைந்து மகிழத் தக்கது.

திரையில் சாமியாராகத் தோன்றியவர் எம். என். நம்பியார். பின்னாளில் தமிழ்த் திரையுலகின் பெருங்கொடியவராக நடித்துப் புகழ்பெற்ற அவரே இப்படத்தின் நாயகர். பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில் அவர் இப்படத்தில் தோன்றினார். நாகசுரக்காரர், தபால்காரர் என அவர் புனைந்த கோலங்களைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழக்கறிஞர் என்பவர் வினாத் தொடுப்பதில் வல்லவர். பிறர் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கியும் தம் வாயிலிருந்து ஒரு சொல் நழுவாமல் காத்தும் பழகியவர். அவர்முன் ஓர் அதிகாரி சென்று அமர்ந்து வினவினால் ஒன்றும் பெயராது. தபால்காரர் வந்து நின்றால் அவர் நீட்டும் கடிதத்தைத்தான் வழக்கறிஞர் பார்ப்பார். நீட்டிய கையையும் பாரார், முகத்தையும் பாரார். திருமண வீட்டில் நாகசுரம் ஒலிக்கும்போது செவி இசையை நாடும். ஊதுபவரின் கண் எங்கே செல்கின்றது என்று யாரும் கவனிப்பதில்லை. ஆகவே, சாமியாரின் உண்மையான வேடம் ஒட்டுமீசையிலும் தலைப்பாகையிலும் இல்லை. செல்வமும் பதவியும் உடையவர் உழைப்பவரை நோக்காதிருக்கும் அந்த வழக்கமே அவருக்கு வேடமாக அமைந்தது. அவ்வேடத்தைத் தைத்துக் கொடுத்தவர் அவ்வழக்கறிஞரே எனலாம்.

சுந்தரத்தின் ஊராகிய திருச்செங்கோட்டில் வைகாசி விசாகத்தின்போது தேரோட்டம் நடைபெறும். மக்கள் அலங்காரத்தை அண்ணாந்து நோக்குவர், வடத்தை நோக்குவர், சக்கரத்தையும் நோக்குவர். அச்சாணியை நோக்குவார் இலர். உருவத்தின் சிறுமை கண்டு ஒருவரை இகழலாகாது என்று கூறவந்த வள்ளுவர் தேரையும் அச்சாணியையுமே உவமையாக எடுத்துக்கொண்டார்.

கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைகளில் மற்றொரு காட்சியைக் காணலாம். கசங்கிய வேட்டியும் தோளில் துண்டுமாக உழவர் ஒருவர் வந்து நிற்பார். “ஏனுங்க”, “சரிங்க”, “நமக்கென்னுங்க தெரியும்” என்று சொல்லுக்குச் சொல் பணிந்து பேசுவார். வெளியூரிலிருந்து வந்த வணிகர், இவர் ஏதும் அறியாதவர் என்று எண்ணிக்கொள்வார். பிறகு கைகள் இரண்டும் துண்டுக்குள் மறையும். விரல்கள் விரல்களைத் தொட்டு விலை பேசும். முகத்தில் ஒரு குறிப்பும் இராது. துண்டு விலகும்போது மாடு கைமாறியிருக்கும். தாம் எண்ணி வந்த தொகைக்கு மேல் எவ்வளவு கொடுத்தோம் என்று வணிகர் வண்டியில் ஏறிய பின்னரே கணக்கிடுவார். உழவர் பொய் ஒன்றும் கூறவில்லை. தம் ஊர் வழக்கப்படி மரியாதையாகப் பேசினார். அம்மரியாதையை அறியாமை என்று கொண்டது வணிகரின் பிழை.

பேச்சைக் கொண்டு அறிவை அளக்கும் இப்பிழை கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அகதா கிறிஸ்டி படைத்த பெல்ஜிய நாட்டுத் துப்பறிவாளர் ஹெர்குல் பாய்ரோ ஆங்கிலத்தைக் கொச்சையாகப் பேசுவார். நன்றாகப் பேச வல்லவராகிய அவர் வேண்டுமென்றே அவ்வாறு பேசினார் என்பது ஒரு கதையில் அவர் வாய்மொழியாகவே வெளிப்படுகின்றது. ஆங்கிலம் சரியாகப் பேசத் தெரியாத அயலான் சிந்திக்கவும் தெரியாதவன் என்று ஆங்கிலேயர் எண்ணிக்கொள்வர். எண்ணிக்கொண்டு, அவரிடம் காவலின்றிப் பேசுவர். அவ்வாசிரியரே படைத்த மார்ப்பிள் அம்மையார் 1930-ஆம் ஆண்டில் நாவலில் தோன்றினார். சிற்றூரில் வாழும் அவர், கையில் கம்பளி நூலும் பின்னல் ஊசியுமாக ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் முதியவர். ஊர்க்கதை பேசும் கிழவி என்று எல்லாரும் அவரை விட்டுவிடுவர். ஊர்க்கதையில் எது பொய், எது மெய் என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து வந்தவர் அவர் ஒருவரே என்பதை அவர்கள் மறந்துவிடுவர்.

உலகப் புகழ் பெற்ற ஷெர்லாக் ஹோம்ஸும் இக்கருவியைப் பயன்படுத்தாமல் விடவில்லை. 1891-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கதையில் அவர் முதலில் குடிபோதையிலுள்ள குதிரைக்காரனாகவும், பின்னர் உலகம் அறியாத பாதிரியாராகவும் வேடம் பூண்டார். ஆனால், வீடு திரும்பியதும் வேடத்தைக் களைந்தெறிந்து, தம் கூர்மதியைத் தோழர் வாட்சனிடம் எடுத்துரைத்து மகிழ்ந்தார். பேதைமை அவருக்கு ஒரு நாள் உடுத்தும் ஆடை.

ஒருபோதும் களையப்படாத பேதைமை ஒன்றுண்டு. ஜி. கே. செஸ்டர்டன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1910-ஆம் ஆண்டில் பிரௌன் பாதிரியார் என்பவரைக் கதையில் அறிமுகம் செய்தார். முதற்கதை பின்வருமாறு செல்கின்றது.

பிளாம்போ என்பவன் ஐரோப்பா முழுதும் தேடப்பட்ட பெருந்திருடன். அவனைப் பிடிக்கப் பாரிசு நகரக் காவல் தலைவர் வாலண்டைன் இலண்டனுக்கு வருகின்றார். வரும் இரயிலில் குள்ளமான பாதிரியார் ஒருவர் ஏறுகின்றார். உருண்டை முகம், கையில் பெரிய பழங்குடை, அது அடிக்கடி கீழே விழுகின்றது. பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொதிகள் பல. அவற்றைச் சேர்த்துப் பிடிக்கவும் அவருக்குத் தெரியவில்லை. ஒரு பொதிக்குள் நீலக்கற்கள் பதித்த வெள்ளிப் பொருள் இருப்பதால் கவனமாக இருக்க வேண்டும் என்று வண்டியில் உள்ளார் அனைவரிடமும் சொல்லிக்கொண்டு வருகின்றார்! வாலண்டைன் மனம் இரங்கி, அதனை எல்லாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அறிவுறுத்திச் செல்கின்றார்.

இலண்டனில் வாலண்டைன் ஓர் உணவு விடுதியில் புகுந்து காப்பி அருந்துகின்றார். சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு இருக்கின்றது. வினவியபோது, காலையில் வந்த பாதிரியார் இருவருள் குள்ளமானவர் போகும்போது சுவரில் சூப்பை வீசிவிட்டுப் போனார் என்கின்றனர். அடுத்த தெருவில் ஒரு கடையில் பழங்களுக்கு உரிய சீட்டுகள் இடம் மாறியுள்ளன. ஆப்பிள் பழங்களையும் ஒரு பாதிரியார் தட்டிக் கவிழ்த்துவிட்டாராம். மற்றொரு விடுதியில் சன்னல் கண்ணாடி உடைந்துள்ளது. கணக்கைவிட மிகுதியாகப் பணம் கொடுத்த பாதிரியாரிடம் காரணம் கேட்டபோது, அது தாம் உடைக்கப்போகும் கண்ணாடியின் விலை என்று கூறிக் குடையால் உடைத்தாராம். பித்தர் செயல் போன்ற இத்தடங்களைப் பற்றிக்கொண்டே வாலண்டைன் நகர்ப்புறத்திலுள்ள ஒரு மேட்டு நிலத்தை அடைகின்றார். மாலை மங்கும் வேளையில் பாதிரியார் இருவர் அங்கே ஒரு மரத்தடியில் அமர்ந்து சமய நூல் பேசிக்கொண்டிருக்கின்றனர். உயரமானவன் பிளாம்போ. அவன் வேடத்தை விட்டு, வெள்ளிச் சிலுவை தன்னிடம் வந்துவிட்டது என்று எக்களித்து நகைக்கின்றான். குள்ளமானவர் அமைதியாகக் கூறும் மறுமொழி அவனைத் திகைக்க வைக்கின்றது. அவன் பொதியை மாற்றியதை அறிந்து தாம் மீண்டும் மாற்றிவிட்டதாகவும், உண்மைப் பொதியை வழியில் ஒரு மிட்டாய்க் கடையில் விட்டு, நண்பருக்கு அஞ்சலில் அனுப்பச் செய்துவிட்டதாகவும் அவர் கூறுகின்றார்.

உப்பையும் சர்க்கரையையும் மாற்றியது ஏன்? காப்பியில் உப்பைக் கண்டால் எந்த மனிதனும் கூச்சலிடுவான். கூச்சலிடாது குடித்தவன் பிறர் கண்ணில் படாதிருக்க விரும்புபவன். கணக்குச் சீட்டில் தொகையைத் திருத்தி மும்மடங்காக்கி வைத்தார். அதையும் பேசாமல் செலுத்தியவன் ஏதோ ஒன்றை மறைப்பவன். சுவரில் வீசிய சூப்பும் உடைந்த கண்ணாடியும் பின்வரும் காவலருக்கு இட்ட வழிக்குறிகள். இவ்வளவும் ஒரு துறவிக்கு எங்ஙனம் தெரிந்தது என்று திருடன் வியக்கின்றான். பல்லாண்டுகளாகப் பிறர் செய்த பாவங்களைச் செவிசாய்த்துக் கேட்பதே தொழிலாக உடையவன் தீமையை அறியாதவனாக இருப்பானா என்பது அவர் தந்த விடையின் கருத்து.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அறிவுடையவர் பேதைபோல் நடித்தல் பொய் ஆகாதோ? ஒற்றனுக்கும் ஹோம்ஸுக்கும் அவ்வினா பொருந்தும். பிரௌன் பாதிரியாருக்குப் பொருந்தாது. தம் பொதியில் வெள்ளிப் பொருள் உள்ளது என்று அவர் சொன்னது மெய். அவர் முகம் அவருடைய முகமே, குடையும் அவருடையதே. உள்ளதை உள்ளவாறு எல்லாரிடமும் சொல்லும் ஒருவரைக் கண்டால் உலகம் அவரை அறிவிலி என்று முடிவுகட்டிவிடுகின்றது. அவர் அம்முடிவைத் திருத்தாமல் இருந்தார்.

இப்பாத்திரத்திற்கு முன்மாதிரியாக இருந்தவர் ஜான் ஓ’கானர் என்னும் உண்மையான பாதிரியார். செஸ்டர்டன் ஒரு முறை அவரோடு நடந்து செல்கையில், மனிதர் செய்யும் கொடுமைகளுள் தாம் கேட்டறிந்தவற்றை அவர் கூற, செஸ்டர்டன் நடுங்கிப்போனார். அன்று மாலையே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் இருவர் அப்பாதிரியாரோடு அளவளாவினர். அவர் அறையைவிட்டு அகன்றதும், அம்மாணவருள் ஒருவர், நான்கு சுவருக்குள் அடைந்து உலகின் தீமையை அறியாது வாழும் வாழ்வு பாராட்டத்தக்கதன்று என்னும் கருத்துப்படப் பேசினார். செஸ்டர்டனுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாயிற்று. பிரௌன் பாதிரியார் பிறந்தது அந்த அடக்கிய சிரிப்பிலிருந்தே என்பதை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். தீமையை நூலில் படித்த இளைஞர், தீமையை நாள்தோறும் கேட்டு வந்தவருக்குத் தீமை தெரியாது என்று தீர்ப்புரைத்தனர். கல்லூரிப் படிப்பு அந்தப் பிழையிலிருந்து அவர்களைக் காக்கவில்லை.

இரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1866-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குற்றமும் தண்டனையும்’ என்னும் நாவலிலும் இவ்வகையினர் ஒருவரைக் காணலாம். வழக்கை ஆராயும் அதிகாரியாகிய போர்பிரி என்பவர் கட்டைக் குட்டையானவர். பொருந்தாத இடத்தில் சிரிப்பார். ஒன்றைச் சொல்ல வந்து மற்றொன்றில் புகுவார். தன்னை மனிதருள் உயர்ந்தவன் என்று எண்ணிக் கொலை புரிந்த இளைஞன், இந்த வம்பளப்பைக் கேட்டு எரிச்சலுறுகின்றான். எரிச்சலில் சொல் சிதறுகின்றது. இப்போர்பிரியை நினைவிற்கொண்டே அமெரிக்கர் இருவர் கொலம்போ என்னும் துப்பறிவாளரைப் படைத்தனர். 1968 முதல் 2003 வரையில் பீட்டர் பால்க் என்னும் நடிகர் தொலைக்காட்சியில் அவ்வேடம் ஏற்றார். கசங்கிய மழைச்சட்டை, பழைய கார், வாய் திறந்தால் மனைவியைப் பற்றிய பேச்சு. அவர் பிடிக்கும் கொலையாளிகளுள் பெரும்பாலோர் செல்வர், புகழ் பெற்றவர், பெரிய மாளிகையில் வாழ்பவர். விடைபெற்று வாயில்வரை சென்றவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்து, மறந்துபோன ஒரு சிறு வினாவைக் கேட்பார். கேள்வி அவ்வளவுதானே என்று மாளிகைக்காரர் இளக்காரமாக விடை கூறுவார். அவ்விடை பின்னர் அவர் கழுத்தைச் சுற்றும்.

இதுவரை கூறியவருள் அனைவரும் அறிவுடையவர். உலகமே அவரைப் பேதை என்று கருதியது. தமிழில் தேவன் என்னும் எழுத்தாளர் இதனைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். தேவனின் இயற்பெயர் ஆர். மகாதேவன், 1913-ஆம் ஆண்டில் திருவிடைமருதூரில் பிறந்து, ஆனந்த விகடன் இதழில் பணியாற்றி, 1957-ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்விதழில் 1942-ஆம் ஆண்டு முதல் அவர் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’ என்னும் கதை வரிசை வீடுதோறும் படிக்கப்பெற்றது. பின்னர்த் தொலைக்காட்சிக்கும் வந்து, காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தார்.

சாம்பு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். கண்டார் அனைவராலும் அசடு என்று முத்திரை குத்தப்பெற்றவர். அம்முத்திரையில் பிழை இல்லை. அவர் உண்மையாகவே அசடுதான். தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் கள்வன் அகப்படுவான். அச்சத்தால் எதையோ உளறுவார். உளறல் குற்றவாளியின் செவியில், தன் மறைவெல்லாம் அறிந்தவன் விடுக்கும் எச்சரிக்கையாக ஒலிக்கும். அவன் தானே முன்வந்து ஒப்புக்கொள்வான். இன்ஸ்பெக்டர் கோபாலன் முதலாயினோர் சாம்புவின் அசட்டுத்தனத்தைக் கண்டு ஏமாறுவதில்லை! அது அவர் பூண்ட வேடம், அதன் பின்னே அளவிறந்த மதிநுட்பம் ஒளிந்துள்ளது என்று உறுதியாக நம்புகின்றனர்.

தேவனின் நகைச்சுவை இங்கே மிகவும் கூரியது. திகம்பர சாமியாரின் கதையில் செருக்குடையோர் எளியவரை நோக்காமல் கெட்டனர். சாம்புவின் கதையில் அன்புடையோரும் சாம்புவை நோக்கவில்லை. அவரைச் சுற்றி எழுந்த புகழையே நோக்கினர். ஒரு முறை ஒருவரை மேதை என்று ஏற்றுக்கொண்டபின், அவர் விழிப்பது ஆழ்ந்த சிந்தனை ஆகிவிடுகின்றது. ஓடி ஒளிவது சூழ்ச்சி ஆகிவிடுகின்றது. ஒன்றும் தெரியவில்லை என்று அவர் கூறினால் அது பெருந்தன்மை ஆகிவிடுகின்றது. அசடு என்று எழுதி ஒட்டியிருந்த அதே முகத்தின்மேல் மேதை என்று மற்றொரு சீட்டை ஒட்டிவிட்டனர். பிரௌன் பாதிரியார் கடையில் பழங்களின் சீட்டை மாற்றி வைத்ததுபோலவே இதுவும் நடந்தது. மாற்றியவர் யார் என்பதுதான் இங்கே தெரியவில்லை.

சாம்புவோ பொய்யர் அல்லர். தம் திறமையைப் பற்றி அவருக்கு உறுதியாக ஒன்றும் தெரியாது. பரிசும் பாராட்டும் தேடிவரும்போது, அவை யாருக்கு வந்தவை என்று அவருக்கே ஐயம் எழும். ஊர் கூடிக் கைதட்டும். கோபாலன் கையைப் பற்றிக் குலுக்குவார். சாம்பு திருதிருவென்று விழிப்பார். என்ன அடக்கம் என்று கூட்டம் மீண்டும் ஒரு முறை கைதட்டும்.